லாக்-அவுட் செய்த பிறகும் பேக் பொத்தானில் பழைய பக்கம் தெரிவதை எந்த ஹெடரால் தடுப்பது?

‘கேஷ்-கண்ட்ரோல்: நோ-கேஷ்’ என்ற ஹெடரை (பக்கத்தோடு சர்வர் உலாவிக்கு அனுப்பும் குறிப்பு வரி) சர்வரில் அமைத்தும், வெளியேறிய பயனரின் கணக்கு விவரம் பேக் பொத்தானை அழுத்தினால் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். குழப்பம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. ‘நோ-கேஷ்’ என்பது சேமிக்காதே என்று சொல்வதில்லை. சேமித்துக்கொள், ஆனால் மறுபடி பயன்படுத்தும் முன் சர்வரிடம் கேட்டுக்கொள் என்றே சொல்கிறது. அந்தக் கேள்வியும் பேக் பொத்தானுக்குப் பெரும்பாலும் பொருந்தாது, ஏனெனில் உலாவி அப்போது புதிய கோரிக்கை எதையும் அனுப்பாமல், நினைவில் வைத்திருந்த பக்கத்தையே திரும்பக் காட்டலாம்.

உங்களுக்குத் தேவை, பக்கத்தைச் சேமிக்கவே வேண்டாம் என்று சொல்லும் இந்த ஒரு வரி:

கேஷ்-கண்ட்ரோல்: நோ-ஸ்டோர்

ஹெடரே இல்லாமல் விடுவது பாதுகாப்பல்ல. 2022-இல் வெளியான, கேஷ் விதிகளைச் சொல்லும் தர ஆவணமான ஆர்.எஃப்.சி. 9111-இன்படி, காலவரம்பு குறிப்பிடப்படாத சர்வர் பதிலின் ஆயுளை உலாவி தானே ஊகிக்கலாம். கடைசியாக மாறிய நாளிலிருந்து கடந்த காலத்தில் 10% என்பது வழக்கமான கணக்கு, அதாவது 100 நாளாக மாறாத கோப்பு 10 நாள் வரை புதியதாகவே கருதப்படும். ‘பிராக்மா’ என்ற ஹெடர், எச்.டி.டி.பி. 1.0 என்ற பழைய இணைய நெறிமுறைப் பதிப்பின் காலத்து மிச்சம், அதை விட்டுவிடலாம்.

ஏற்கெனவே சேமிக்கப்பட்ட பிரதியை ‘நோ-ஸ்டோர்’ அழிக்காது என்பதால், லாக்-அவுட் பதிலில், சேமித்த பிரதிகளை அழிக்கச் சொல்லும் ‘கிளியர்-சைட்-டேட்டா: "கேஷ்"’ என்ற ஹெடரையும் அனுப்புங்கள். படங்களுக்கும் ஸ்டைல் கோப்புகளுக்கும் ‘நோ-ஸ்டோர்’ இட வேண்டாம். மெதுவான இணைப்பில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் அவற்றை முழுதாக இறக்க நேரும்.