வண்டி கேள்வி: தெருவுல விக்கிற 63 கார்வெட்ட வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார், நான் அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் பக்கம் இருக்கேன். எங்க தெருவுல ஒரு பெரியவர் 1963 ஷெவர்லே கார்வெட் ஸ்டிங் ரே ஸ்போர்ட்ஸ் கார் விக்கிறார், நிரந்தர கூரை வெச்ச கூப்பே, பின்கண்ணாடி ரெண்டா பிரிஞ்சிருக்குமே அந்த மாடல். 340 எச்பி எஞ்சின், நாலு ஸ்பீடு கியர், வெள்ளி கலர். பெயின்ட்டே ஒரிஜினல், எல்லாம் நம்பர் மேட்சிங் (அதாவது வண்டியோட வந்த அதே எஞ்சின், நம்பரும் ஒத்துப் போகும்)னு வாய் ஓயாம சொல்றார். விலையும் அதுக்கேத்த மாதிரிதான் இருக்கு. எத நம்பி பணம் குடுக்கறது?

பதில்: மொதல்ல ஒரு சந்தோஷமான விஷயம், இந்த வண்டி உருவானதே உங்க ஊர் ஃபேக்டரியிலதான், 1981 வரைக்கும் கார்வெட் அங்கதான் செஞ்சாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். பெரியவர் பொய் சொல்றார்னு நான் சொல்லல, அவருக்கு வித்தவர் சொன்னத அப்படியே நம்பியிருக்கலாம், ஆனா அறுபது வருஷத்துல எஞ்சின் எத்தன தடவ இறங்கி ஏறியிருக்கும்னு யாருக்கு தெரியும்? அதனால பேச்ச விட்டுட்டு டார்ச்ச எடுங்க. பானெட்ட தூக்கி, வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு சரியா முன்னாடி பாருங்க, பிளாக்குலயே, அதாவது எஞ்சினோட இரும்பு உடம்புலயே, சின்னதா ஒரு தட்டையான இடம் இருக்கும், அழுக்கு அப்பியிருந்தா துணியால மெதுவா தொடைங்க, தயவுசெஞ்சு வயர் பிரஷ் போட்ராதீங்க. அதுல ரெண்டு நம்பர் குத்தியிருப்பாங்க. ஒண்ணு எஃப்னு ஆரம்பிச்சு, மாசம், தேதி, கடைசியில ரெண்டு எழுத்து. எஃப்னா ஃபிளின்ட் எஞ்சின் பிளான்ட். கடைசி ரெண்டு எழுத்து ஆர்இன்னு இருந்தாதான் 340, ஆர்டின்னா 300, ஆர்சின்னா 250, ஆர்எஃப்னா ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வெச்ச 360. இன்னொரு நம்பர் 3ல ஆரம்பிச்சு பின்னால ஆறு இலக்கம், அந்த ஆறும் வண்டியோட சீரியல் நம்பர் கடைசி ஆறோட ஒத்துப் போகணும். சீரியல் பிளேட் கிளவ் பாக்ஸுக்கு கீழ இருக்கற குறுக்கு பட்டையில இருக்கும், கூப்பேன்னா 30837, அப்புறம் எஸ், அப்புறம் அந்த ஆறு.

நம்பர் ஒத்துப் போச்சுன்னு உடனே செக் எழுதிராதீங்க. நம்பர் குத்தறது ஒரு வேலையா என்ன, சுத்தியலும் அச்சும் இருந்தா யார் வேணா குத்தலாம். அந்த தட்டையான இடத்துல லைட்ட சாய்ச்சு அடிச்சு பாருங்க, எஞ்சினோட முன்பக்கத்துல இருந்து பின்பக்கமா போற மாதிரி மெல்லிசா நேர் கோடுகள் தெரியணும், ஃபேக்டரியில பிளாக்க மெஷின்ல சீவுனப்ப விழுந்த கோடு அது. வழவழன்னு இருந்தாலோ, வட்டமா கீறல் இருந்தாலோ, பின்னால யாரோ சீவியிருக்காங்க. நல்ல எஞ்சின் ரீபில்ட்லயும் அப்படி ஆகறது உண்டு, மோசடின்னே சொல்லிட முடியாது, ஆனா விலைய கொறச்சு பேச உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

தேதியும் வரிசையா வரணும். பிளாக்கு வார்த்த தேதி மொதல்ல, எஞ்சின் கூட்டுன தேதி அப்புறம், பாடி கட்டுன தேதி கடைசி. பாடி தேதி, சீரியல் பிளேட்டுக்கு பக்கத்துல இருக்கற இன்னொரு தகட்டுல இருக்கும், எழுத்துதான் மாசம், 'ஏ' (A) எழுத்துன்னா 1962 செப்டம்பர். அதே தகட்டுல பெயின்ட் கோடும் இருக்கு, வெள்ளி கலருக்கு 941. வேற நம்பர் இருந்தா 'ஒரிஜினல் பெயின்ட்' கதை அங்கயே முடிஞ்சுது. ஆனா எஞ்சின் எதுன்னு அந்த தகடு சொல்லாது. அதனால பழைய விண்டோ ஸ்டிக்கரோ டீலர் இன்வாய்ஸோ பெரியவர் வீட்டு பீரோவுல இருக்கான்னு கேளுங்க, அது கெடச்சா பெயின்ட்ட விட பெரிய சொத்து.

ஸ்டார்ட் பண்ண சொல்லி காத குடுத்து கேளுங்க. 340ல வால்வ தூக்கற பாகம் சாலிட் லிஃப்டர், அதாவது உள்ள எண்ணெய் குஷன் இல்லாத கெட்டி ரகம், அதனால வால்வு பக்கம் டிக் டிக்னு ஒரு சத்தம் வந்துட்டே இருக்கும். சத்தமே இல்லாம பட்டு மாதிரி ஓடுச்சுன்னா சந்தேகப்படுங்க!

கேள்வி: பாடி ஃபைபர்தானே, துரு பத்தி கவலை இல்லன்னு பெரியவர் சொன்னார். சரியா? (அதே வாசகர்)

பதில்: வெளித்தோல் ஃபைபர், உள்ள எலும்பு இரும்பு. முன்கண்ணாடியையும் கதவுகளையும் தாங்கற இரும்பு கூண்ட பேர்ட்கேஜ்னு சொல்வாங்க, அது துருப்புடிக்கறதுதான் இந்த வண்டிக்கு எமன். கால் வைக்கிற எடத்துல ஓரமா இருக்கற கிக் பேனல கழட்டி காட்ட சொல்லுங்க, தயங்குனா கெளம்பி வந்துருங்க. சேசிஸ்ல பின் சக்கரத்துக்கு முன்னாடி வளைஞ்சு மேல ஏறுமே, அங்கயும் தட்டிப் பாருங்க. அடி வாங்குன வண்டியான்னு தெரியணும்னா சக்கர குழிக்குள்ள பாருங்க, ஃபேக்டரியில பேனல் ரெண்டும் சேர்ற எடத்துல உள்பக்கம் ஒரு பட்டை ஒட்டியிருப்பாங்க, மாத்துன பேனல்ல பல சமயம் அது இருக்காது.

கேள்வி: பின்கண்ணாடி நடுவுல ஒரு கம்பி இருக்கறதுக்கு இவ்ளோ விலையா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: அந்த ஒரு வருஷம்தான் வந்துச்சுங்க அது. 1963ல மொத்தம் 21,513 கார்வெட், அதுல கூப்பே 10,594தான், மீதி கூரைய மடக்கி தெறக்கற கன்வர்ட்டிபிள். கார்வெட் செய்யற ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியோட அப்போதைய டிசைன் தலைவர் பில் மிட்செலுக்கு அந்த நடுக்கோடு உயிரு, மூக்குல இருந்து வால் வரைக்கும் ஒரே கோடா ஓடணும்னு ஒத்தக்கால்ல நின்னார். கார்வெட் எஞ்சினியர் சோரா ஆர்கஸ்-டன்டோவ், பின்னால வர்ற வண்டியே தெரியலயேன்னு சண்ட போட்டார். 63ல மிட்செல் ஜெயிச்சார், 64ல கம்பி போயிருச்சு. எனக்கு கேட்டா ஓட்டறவன் பக்கம் பேசுன டன்டோவ் சொன்னதுதான் நியாயம், ஆனா அழகுன்னு வந்துட்டா மிட்செல்தான். இதுல கூத்து என்னன்னா, அப்ப சில ஓனர்களே கம்பிய அறுத்துப் போட்டு 64 கண்ணாடி மாட்டிக்கிட்டாங்க, பின்னால விலை ஏறுனதும் 64 வண்டிக்கு கம்பி வெச்சு 63ன்னு ஆக்குனவங்களும் இருக்காங்க. சீரியல் நம்பர் 4ல ஆரம்பிச்சா கம்பிய பார்த்து மயங்காதீங்க.

கேள்வி: வாங்கிட்டா புதுசா பெயின்ட் அடிச்சிரலாம்னு இருக்கேன், அங்கங்க மெல்லிசா வெடிப்பு இருக்கு. (மறுபடி செயின்ட் லூயிஸ்காரர்)

பதில்: ஐயோ வேண்டாம். அது அந்தக்கால லேக்கர் பெயின்ட், வயசானா வெடிக்கத்தான் செய்யும், அந்த வெடிப்புக்கும் சேர்த்துதான் பெரியவர் விலை கேக்கறார். தேசிய கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டின்னு ஒண்ணு இருக்கு, அவங்க போட்டியில ஃபேக்டரிய விட பளபளப்பா இருந்தாலும் மார்க் கொறைப்பாங்க. புதுசுல 4,257 டாலருக்கு ஆரம்பிச்ச வண்டி, இன்னிக்கு நல்லதா ஒண்ணு லட்சம் டாலர தாண்டுறது சாதாரணம். அதனால கார்வெட் மட்டுமே பார்க்கற ஒரு மெக்கானிக்க கூலி குடுத்து கூட்டிட்டு போங்க, வாங்குன அன்னிக்கே, இன்ஷூரன்ஸ் கம்பெனியோட முன்கூட்டி பேசி முடிச்ச மதிப்புக்கு இன்ஷூரன்ஸ் போடுங்க. ஓட்டறப்ப முன்ன போறவன விட்டு தள்ளியே போங்க, நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான், டிஸ்க் 65லதான் வந்துச்சு.