சந்தியாகு, ஜேக்கப், ஜேம்ஸ்: ஒரே பெயரா?

கேள்வி: எங்களுக்கு மகன் பிறந்து மூன்று வாரம் ஆகிறது. என் தாத்தா சந்தியாகுவின் பெயரையே வைக்கச் சொல்கிறார் அப்பா. எனக்கும் மனைவிக்கும் ஜேக்கப் பிடித்திருக்கிறது. மாமியாரோ, "ஜேக்கப் என்றால் ஏமாற்றுக்காரன் என்று அர்த்தம், வேண்டாம்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், ஜேக்கப் என்று வைத்தாலும் அது தாத்தா பெயர்தான். எபிரேய மொழியின் யாக்கோவ் லத்தீனில் யாக்கோபுஸ் ஆனது. ஸ்பெயின், போர்ச்சுக்கல் பக்கம் அது யாகோ என்று தேய்ந்து, 'புனித' என்னும் பொருளுள்ள சொல் முன்னால் ஒட்டிக்கொள்ள, சந்தியாகோ ஆயிற்று. போர்ச்சுக்கீசியர் வழியாக நம் கடற்கரைக்கு வந்ததும் சந்தியாகு. அதே லத்தீன் பெயர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ஜேம்ஸ் ஆனது. தமிழ் பைபிளைத் திறந்து பாருங்கள்: ஆதியாகமத்தில் வருகிற முற்பிதாவும் யாக்கோபு, புதிய ஏற்பாட்டில் நிருபம் எழுதியவரும் யாக்கோபு. ஆங்கில பைபிளில் முதலாமவர் ஜேக்கப், இரண்டாமவர் ஜேம்ஸ். இந்த விஷயத்தில் தமிழ்தான் மூலத்தை அப்படியே காப்பாற்றியிருக்கிறது. கேரளத்துச் சாக்கோவும், இஸ்லாமியர்களின் யாகூபும் இதே பெயர்தான்.

சரி, மாமியாரின் கவலைக்கு வருவோம். அவர் இல்லாததைச் சொல்லவில்லை. ஆதியாகமம் 25:26-இல், இரட்டையரில் இரண்டாவதாகப் பிறந்த குழந்தை அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டே வெளியே வருகிறது. எபிரேயத்தில் 'அக்கேவ்' என்றால் குதிகால். பெயர் அதிலிருந்து வந்ததாகவே அந்த வசனம் காட்டுகிறது. 'ஏமாற்றினான்' என்ற அர்த்தம் 27ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. அப்பாவின் ஆசீர்வாதத்தைத் தம்பி தட்டிப் பறித்துவிட்ட ஆத்திரத்தில், ஏசா அந்தப் பெயரை வைத்தே குத்திக் காட்டுகிறான். அது வயிறு எரிந்த ஒரு அண்ணனின் பேச்சு. அதையே பெயரின் முழு அர்த்தமாக எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 'கடவுள் காப்பாராக' என்ற பொருளுள்ள ஒரு நீண்ட பெயரின் சுருக்கம் இது என்று கருதும் மொழியறிஞர்களும் உண்டு. அதை ஒத்த பெயர்கள் பழைய மெசொப்பொத்தேமியக் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கின்றன. மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்: யாபோக்கு ஆற்றங்கரையில் விடிய விடியப் போராடி, தொடைச் சந்து பிசகியும் பிடியை விடாமல் ஆசீர்வாதம் கேட்டவனும் இதே யாக்கோபுதான்.

ஜேக்கப் பழைய பெயராகத் தோன்றுமோ என்ற தயக்கமும் வேண்டாம். அமெரிக்காவில் 1999 முதல் 2012 வரை தொடர்ந்து 14 ஆண்டுகள் ஆண் குழந்தைகளுக்கு மிக அதிகமாக வைக்கப்பட்ட பெயர் இதுதான். 2013-இல்தான் நோவா முந்தியது. அதற்கு வெகு காலம் முன்பு, 1940 முதல் 1952 வரை அங்கே முதலிடத்தில் இருந்தது ஜேம்ஸ்!

என் யோசனை: சான்றிதழில் ஜேக்கப், வீட்டில் சந்தியாகு. கத்தோலிக்கக் குடும்பம் என்றால் ஞானஸ்நானத்துக்குச் சந்தியாகு என்றே கொடுக்கலாம். ஆனால் பிறப்புச் சான்றிதழில் எந்தப் பெயர், ஆங்கிலத்தில் என்ன எழுத்துக்கூட்டல் என்பதை முடிவு செய்துவிட்டு, பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் எழுத்து மாறாமல் அதையே கொடுங்கள். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதனால் அப்பாவோடும் மாமியாரோடும் உட்கார்ந்து பேச இன்னும் நேரம் இருக்கிறது.