டென்னிஸ் எல்போவுக்குக் கீஹோல் ஆபரேஷன்: ஆராய்ச்சிகள் உண்மையில் என்ன சொல்கின்றன?

கேள்வி: வயது 43, தையல் வேலை. வலது முழங்கையின் வெளிப்பக்கம் ஐந்து மாதமாக வலி. டென்னிஸ் எல்போ என்றார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டதில் ஒரு மாதம் சுகம், அப்புறம் பழையபடி வலி. இப்போது ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமராவும் கருவியும் நுழைத்துச் செய்யும் கீஹோல் ஆபரேஷன்) செய்யலாம், நிறைய ஆராய்ச்சி வந்திருக்கிறது என்கிறார் டாக்டர். நம்பிச் செய்துகொள்ளலாமா?

பதில்: ஆராய்ச்சி நிறைய வந்திருப்பது உண்மைதான். முழங்கை மூட்டு குறுகலானது, கருவி நுழைக்கத் தோதுப்படாது என்று 1931-ல் நியூயார்க் மருத்துவர் பர்மன் எழுதினார். இன்று அது வழக்கமான ஆபரேஷன். ஆனால் கட்டுரைகளைப் பிரித்துப் படித்தால் பெரும்பாலும் ஒரே அச்சு. ஒரு மருத்துவமனை, தான் ஆபரேஷன் செய்த சில பத்துப் பேரைப் பிற்பாடு அழைத்து, வலி குறைந்ததா, கை எவ்வளவு மடங்குகிறது என்று குறித்திருக்கும். ஆபரேஷன் செய்யாமல் இருந்தவர்கள் கணக்கிலேயே இல்லை. சான்றை ஐந்து படிகளாகப் பிரித்தால் இவை மேலிருந்து நான்காம் படி.

உங்கள் விஷயத்தில் இது பெரிய குறை. டென்னிஸ் எல்போ, அதாவது முழங்கையின் வெளிப்பக்கத் தசைநார் பழுதாவது, பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் தானாகவே தணிந்துவிடும். அப்படியானால் குணமாக்கியது கத்தியா, காலமா?

இதைச் சிட்னியில் நேராகச் சோதித்தார்கள். 26 பேர். பாதிப் பேருக்குப் பழுதான தசைநாரை வெட்டி நீக்கினார்கள். மீதிப் பேருக்குத் தோலைத் திறந்து, தசைநாரைத் தொடாமல் தைத்துவிட்டார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. இரு தரப்புக்கும் வலி குறைந்தது, வித்தியாசம் தெரியவில்லை. 2018-ல் வெளியான அது சின்ன ஆய்வு, கீஹோல் அல்லாத திறந்த ஆபரேஷன். ஆனாலும் வரிசையாக வந்த நூறு கட்டுரைகளைவிட இதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான். முதலில் சுகம் தரும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களே மேல் என்று 2013-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. இன்னொரு ஊசி வேண்டாம்.

எலும்புத் துணுக்கு உதிர்ந்து, கை பாதியில் பூட்டிக்கொள்பவர்கள் கதை வேறு. அங்கேயும் சான்று தாழ்ந்த படிதான், ஆனால் தடை கண்ணுக்குத் தெரிகிறது, எடுத்தால் கை அசைகிறது. அவர்களை நான் தயங்காமல் அனுப்புவேன்.

ஆபத்தையும் சொல்ல வேண்டும். முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை கரண்ட் அடிக்கிறதே, அந்த நரம்பு மூட்டை ஒட்டியே ஓடுகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2001-ல் வெளியிட்ட 473 முழங்கைக் கீஹோல் ஆபரேஷன்களில் நிரந்தர நரம்புச் சேதம் இல்லை. தற்காலிகப் பாதிப்பு சுமார் பத்துப் பேருக்கு வந்தது. அவர்கள் கை தேர்ந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

ஐந்து மாதம் ஆபரேஷனுக்குச் சீக்கிரம். கனத்த துணியைக் கத்தரியால் வெட்டுவதைக் குறையுங்கள். துணிக்கட்டை உள்ளங்கை மேல்நோக்கி இருக்கத் தூக்குங்கள். பிசியோதெரபிஸ்ட்டிடம் எடை தூக்கும் பயிற்சியை ஒழுங்காகக் கற்றுச் சில மாதம் செய்யுங்கள். கை பூட்டிக்கொண்டாலோ, சுண்டுவிரல் மரத்தாலோ, மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.