லீவைத் துண்டு போடாதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். ஆர்டர் குறைந்ததால் வருஷத்துக்கு 220 நாள்தான் வேலை கிடைக்கிறது. "240 நாள் வராதவர்களுக்குச் சம்பளத்தோடு லீவு கிடையாது" என்கிறார்கள். உண்மையா? (வாசகி, திருப்பூர்)

பதில்: 240 நாள் என்பது 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் கணக்கு. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பில் 180 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும். வேலை பார்த்த 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் உங்களுக்கு 11 நாள் லீவு உண்டு. கம்பெனி வேலை தர முடியாமல் லே-ஆஃப் விட்ட நாள்களும் மகப்பேறு விடுப்பும் இந்த 180இல் சேரும். ஆனால் அந்த நாள்களுக்கு லீவு ஏறாது. இடையில் வரும் ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் லீவில் கழியாது. திங்கள் முதல் சனி வரை 6 நாள் எடுத்தால், இரண்டு பக்கமும் ஞாயிறு சேர்ந்து 8 நாள் கையில் இருக்கும்.

பலர் கோட்டைவிடுவது எழுதிக் கேட்காததில்தான். எடுக்காத லீவு அடுத்த வருஷத்துக்கு 30 நாள் வரைதான் போகும். ஆனால் கேட்டும் மறுக்கப்பட்ட லீவுக்கு அந்த வரம்பு இல்லை. சூப்பர்வைசரிடம் வாயால் கேட்டதற்கு அத்தாட்சி ஏது? தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 9 பேர். அக்கவுன்டன்ட் பத்து நாள் போனால் எல்லாம் நின்றுவிடும். அவ்வப்போது ஒவ்வொரு நாளாகக் கொடுப்பதுதானே இருவருக்கும் நல்லது? (வாசகர், கோவை)

பதில்: இல்லை. ஒற்றை நாள் லீவு வங்கி வேலைக்கும் ரேஷன் கடைக்குமே சரியாகப் போய்விடும். நீண்ட லீவிலும் முதல் இரண்டு நாள் மனசு ஆபீஸிலேயேதான் இருக்கும். அதற்குப் பிறகுதான் உடம்பு ஓய்வுக்கு வரும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1970ஆம் வருஷ உடன்படிக்கை, மூன்று வார லீவில் இரண்டு வாரமாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்கிறது. இந்தியா அதை ஏற்கவில்லை என்றாலும் கணக்கு சரியானதே. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி, ஒரு வருஷம் முடித்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை தர வேண்டும். உடம்புக்கு முடியாதபோது 12, தற்செயல் விடுப்பு 12 என்பவை தனி.

உங்களுக்கும் இதில் லாபம் உண்டு. பணம் புழங்கும் பொறுப்பில் இருக்கும் வங்கி ஊழியர்களை, முன்கூட்டிச் சொல்லாமல், வருஷத்துக்கு ஒரு தடவை தொடர்ந்து 10 வேலைநாளாவது கட்டாய லீவில் அனுப்பச் சொல்கிறது ரிசர்வ் வங்கி. வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் மறைந்திருக்கும் தவறு வெளியே வரும். மோசடியே இல்லாத இடத்திலும், ஒரே ஆளின் தலைக்குள் மட்டும் இருக்கும் வேலை எது என்பது அப்போது தெரிந்துவிடும்.

தேதியைப் பார்த்து அனுப்புங்கள். மாதாமாதம் பிடித்த வரியைக் (டிடிஎஸ்) கட்ட 7ஆம் தேதி, ஜிஎஸ்டி விற்பனைக் கணக்குக்கு (ஜிஎஸ்டிஆர்-1) 11ஆம் தேதி, ஊழியர்களின் பிஎஃப்-இஎஸ்ஐ கட்ட 15ஆம் தேதி, ஜிஎஸ்டி வரி கட்டும் படிவத்துக்கு (ஜிஎஸ்டிஆர்-3பி) 20ஆம் தேதி என்று கெடு வரும். ஆகவே 21இலிருந்து மாதக் கடைசி வரை வசதியான காலம். சம்பளப் பட்டியலை மட்டும் முன்கூட்டியே போட்டு வைக்கச் சொல்லுங்கள். போகுமுன் ஒரே தாளில் நிலுவை வேலைகள், ஒவ்வொன்றுக்கும் அடுத்து செய்ய வேண்டியது, தேதி, ஃபைல் இருக்கும் இடம், பேச வேண்டிய ஆள் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். கடைசி இரண்டு நாள் மாற்று ஆளே வேலையைச் செய்யட்டும். இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும். தாளில் விட்டுப்போனது அங்கேதான் தெரியும்.

எங்கே சிக்கும் தெரியுமா? ஓடிபியில்! ஜிஎஸ்டி தளத்துக்கு அக்கவுன்டன்டின் சொந்த மொபைல் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். அவர் ரயிலில் இருப்பார், சிக்னல் இருக்காது. அலுவலகப் பெயரில் ஒரு சிம் வாங்கி எண்ணை மாற்றிவிடுங்கள். இன்னொன்று, வேலையை அவர் வரும்வரை குவித்து வைக்காதீர்கள். திரும்பி வந்ததும் 200 பில் மேஜையில் கிடந்தால், ஓய்வெடுத்த பலன் இரண்டே நாளில் கரைந்துவிடும்.

கேள்வி: லீவை எடுக்காமல் காசாக்குவது புத்திசாலித்தனமா? (வாசகர், சென்னை)

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். பல கம்பெனிகள் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் லீவுக்குக் காசு தருகின்றன. மொத்தச் சம்பளம் 60,000, அடிப்படை 30,000 என்றால் ஒரு நாள் சம்பளம் 2,000. லீவை விற்றால் கிடைப்பது 1,000. அதாவது, உங்கள் ஓய்வு நாளைப் பாதி விலைக்கு விற்கிறீர்கள். வேலையில் இருக்கும்போது வாங்கும் இந்தத் தொகைக்கு முழு வரியும் உண்டு. 25 லட்சம் ரூபாய் வரையிலான வரி விலக்கு தனியார் ஊழியர்களுக்கு ஓய்வுபெறும்போதும் வேலையை விடும்போதும்தான், அதுவும் நிபந்தனைகளோடு. பத்து நாளையாவது சேர்த்து எடுத்துவிட்டு, காலாவதியாகப் போவதை மட்டும் காசாக்குங்கள்.

கேள்வி: லீவில் இருக்கும்போதும் மேலாளர் போன் செய்கிறார். என்ன செய்வது? (வாசகி, மதுரை)

பதில்: கிளம்புமுன்பே, "அவசரமென்றால் மாலை 5 மணிக்கு மெசேஜ் பார்ப்பேன், மற்றதற்கு இவரைக் கேளுங்கள்" என்று மாற்று ஆளின் பெயரோடு மெயில் போடுங்கள். அலுவலக வாட்ஸ்அப் குழுக்களை மியூட் செய்துவிடுங்கள். வருகிற கேள்விகளைக் குறித்து வையுங்கள். அடுத்த தடவை லீவுக்கு முன் எழுதித் தரும் நிலுவை வேலைத் தாளில் அவை முதலில் இடம்பெறட்டும்.