பள்ளி வாசலில் போலீஸ்: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஒரு பள்ளியின் ஆளுகைக் குழுவில் பாதுகாப்புப் பொறுப்பைக் கவனிப்பவர் பதில் சொல்கிறார்.

சாட்ஸ்வொர்த், ஒரு தாய்: போன வாரம் என் மகன் பள்ளிக்கு ரெண்டு போலீஸ் வேன் வந்ததாம். எட்டாம் கிரேடு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பையைக் கொட்டச் சொன்னார்களாம். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படிச் செய்யலாமா ஐயா?

சோதனை செய்யலாம் அம்மா. ஆனால் நினைத்தபடியெல்லாம் செய்ய முடியாது. 1996 பள்ளிச் சட்டத்தில் 8ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, 2007இல் சேர்த்தது. ஆயுதமோ போதைப்பொருளோ வளாகத்தில் இருக்கலாம் என்று நியாயமான சந்தேகம் இருந்தால்தான் பிரின்சிபால் ஒரு குழுவைச் சோதிக்க முடியும். உடம்பைத் தடவிப் பார்ப்பதானால் ஆண் பிள்ளையை ஆணும், பெண் பிள்ளையைப் பெண்ணும்தான் பார்க்க வேண்டும். மற்ற பிள்ளைகள் கண்ணில் படாத இடமாக இருக்க வேண்டும், அதே பாலைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் சாட்சியாகக் கூட நிற்க வேண்டும். முடிந்தவரை ஒரு வேலை நாளுக்குள் பெற்றோருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு வராத தகவல் இதுதான். கோபப்படாமல் பிரின்சிபாலிடம் எழுத்தில் கேளுங்கள்: என்ன சந்தேகத்தில் சோதித்தீர்கள், யார் சோதித்தார், பதிவேட்டில் எழுதியிருக்கிறதா?

நியாயமான சந்தேகம் இருந்தால் போலீசும் வாரண்ட் இல்லாமல் சோதிக்கலாம். அப்படியே வந்தாலும், பள்ளி பொறுப்பைக் கைகழுவிவிட்டு ஓரமாக நிற்கக் கூடாது.

ஃபீனிக்ஸ், ஒரு தகப்பன்: இத்தனை யோசிப்பானேன்? ஒவ்வொரு பள்ளி வாசலிலும் ஒரு போலீஸ்காரரை நிரந்தரமாக நிறுத்தினால் என்ன?

பிள்ளை வீடு வந்து சேரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறீர்கள், புரிகிறது. கேப் டவுன் மாநகராட்சி சில பள்ளிகளில் தன் அதிகாரிகளை நிறுத்தியிருக்கிறது. நாடு முழுவதற்குமான ஏற்பாடு வேறு. 2011இல் கல்வித் துறையும் போலீஸ் துறையும் செய்த ஒப்பந்தப்படி ஒவ்வொரு பள்ளியையும் பக்கத்து ஸ்டேஷனோடு இணைக்க வேண்டும், பள்ளியில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். பல பள்ளிகளில் இது காகிதத்தோடு நிற்கிறது. எனக்கு வருத்தம் அதில்தான்.

துப்பாக்கி ஏந்தியவர் வாசலில் நின்றாலே பிள்ளைகள் பத்திரம் என்று நான் நம்பவில்லை. அமெரிக்காவில் யுவால்டி ஊர்த் தொடக்கப்பள்ளியில் 2022இல் நடந்ததைப் பாருங்கள். 376 அதிகாரிகள் வந்து சேர்ந்தார்கள், ஆனாலும் 77 நிமிடம் கழித்துத்தான் கொலைகாரனைச் சுட்டு வீழ்த்தினார்கள். 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் போய்விட்டார்கள். நம் ஊரில் ஆபத்து பெரும்பாலும் வேறு ரூபத்தில் வருகிறது. பள்ளி விடும் நேரத்தில் டாக்ஸி நிற்கும் இடத்தைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். எந்தப் பெரிய பையன் எந்தச் சின்னப் பையனை ஓரமாகக் கூப்பிடுகிறான், சுகர்ஸ் என்கிற போதைப்பொருளை விற்பவன் எந்தச் சுவரோரம் நிற்கிறான் என்பது டக் ஷாப் (பள்ளித் தின்பண்டக் கடை) ஆன்ட்டிக்குத் தெரியும். அவர் சொல்வதைக் கேட்க ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும், அந்த ஆசிரியர் கூப்பிட்டால் வரும் போலீஸ்காரர் ஒருவர் இருக்க வேண்டும். அந்தச் சங்கிலிதான் முதலில் வேண்டும்.

மெர்பேங்க், ஒரு பாட்டி: 1980 பள்ளிப் புறக்கணிப்புப் போராட்டத்தின்போது எங்களைத் தடியால் அடித்தது போலீஸ். இன்று அவர்களையே பள்ளிக்குள் அழைக்கச் சொல்கிறீர்களே தம்பி?

அக்கா, அந்தத் தழும்பை மறக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகளைச் சுட்டதும் இதே நாட்டுப் போலீஸ்தான். அதனால்தான் இன்றைய சட்டத்தில் பள்ளி ஒழுங்கும் குற்ற வழக்கும் தனித்தனி. 8ஏ பிரிவிலேயே ஒரு வரி இருக்கிறது: சோதிக்கப்பட்ட மாணவர் மீது பள்ளி குற்ற வழக்குத் தொடர முடியாது, ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே எடுக்கலாம். இந்த வரியை நாம் விட்டுக்கொடுக்கவே கூடாது. பாடம் படிக்காதவனையும் வாய் பேசுகிறவனையும் அடக்குவதற்குப் போலீசைக் கூப்பிடுகிற பள்ளியை நான் கடைசிவரை எதிர்ப்பேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓர் ஆசிரியை: பதின்மூன்று வயதுப் பையன் பையில் கத்தி கிடைத்தது. என்ன செய்வது?

கத்தியை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிடாதீர்கள், பலர் செய்யும் தவறு அது. உறையில் போட்டு, பையன் பெயர், தேதி, நேரம், எடுத்தவர் பெயர், சாட்சி பெயர், சம்பவ எண் எல்லாம் எழுதுங்கள். பதிவேட்டிலும் எழுதி, உடனே போலீசிடம் ஒப்படையுங்கள். போலீஸ் வரத் தாமதமானால் பிரின்சிபால் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பையன் விஷயம் தனி. 2022 ஆகஸ்டு முதல் 12 வயதுக்குக் கீழே உள்ளவர் மீது வழக்கே போட முடியாது. 12 முதல் 14க்குள் என்றால், தான் செய்வது குற்றம் என்று புரிந்து நடக்கும் பக்குவம் அவனுக்கு இருந்ததை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். பெற்றோரை அழைத்து, கத்தி எதற்கு என்று கேளுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் யாருக்கோ பயந்து எடுத்து வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

லெனேசியா, ஒரு தாய்: பள்ளிச் சோதனையில் மகன் உடம்பில் டக்கா, அதாவது கஞ்சா, இருப்பதாக வந்துவிட்டது. ஜெயிலா?

இல்லை அம்மா, பயப்படாதீர்கள். க்ரூகர்ஸ்டோர்ப்பில் இப்படிப் பள்ளியில் சோதிக்கப்பட்ட நான்கு பிள்ளைகளின் வழக்குதான் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. தனியிடத்தில் டக்கா பயன்படுத்திய சிறுவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. பள்ளி ஒழுங்கு விசாரணை நடத்தலாம். அதற்கு மகனோடு நீங்களும் போங்கள், கையோடு ஒரு ஆலோசகரையும் பாருங்கள்.

டோங்காட், ஒரு தகப்பன்: நாலு அடி போட்டால் திருந்த மாட்டானா?

பள்ளியில் அடிப்பது 1996 முதல் சட்டவிரோதம். அடிபட்ட பையன் வாயை மூடிக்கொள்வான். அப்புறம் உங்களுக்கு எதுவும் தெரியவராது.

சாட்ஸ்வொர்த், யூனிட் 7, ஒரு தாய்: காவலாளிக்குக் காசில்லை என்று பள்ளி சொல்கிறது. நாங்கள் என்ன செய்ய முடியும்?

நம் பக்கத்துப் பல பள்ளிகள் கட்டணப் பள்ளிகளாக வகைப்படுத்தப்பட்டிருப்பதால் அரசுப் பணம் குறைவாகத்தான் வரும். வீடுகளிலோ கட்டணம் கட்ட வழியில்லை. பள்ளி சொல்வது பல இடங்களில் உண்மைதான். ஆனால் ஆளுகைக் குழுவில் பெரும்பான்மை பெற்றோருடையது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் வருகிறது, நில்லுங்கள். அதற்கு முன்னால் அடுத்த கூட்டத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். நம் பள்ளியோடு இணைந்த ஸ்டேஷன் எது? அங்கே நமக்கென்று உள்ள அதிகாரியின் பெயரும் எண்ணும் என்ன? பாதுகாப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது? பதில் வராவிட்டால், கேட்டதையும் பதில் வராததையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். மகளையோ மகனையோ யாராவது மிரட்டினால் கூட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள்: அவசரம் என்றால் 10111, பிள்ளை தானே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் சைல்ட்லைன் 116.