இரண்டு அணைக்கட்டு, ஒரு மீன்படி: எதில் கட்டுவது?

கேள்வி: படுவான்கரையில் எங்கள் ஆறு மட்டக்களப்பு வாவியில் விழுகிறது. வாவியிலிருந்து 5 கிலோமீற்றரில் ஓர் அணைக்கட்டு, 15 இல் இன்னொன்று, அதற்கு மேலே இன்னும் 15 கிலோமீற்றர் ஆறு. மீன் ஏறும் படி ஒன்றுக்குத்தான் காசிருக்கிறது. எதில் கட்டலாம்?
– மீனவர் சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: எந்த மீனுக்காகக் கட்டுகிறீர்கள் என்பதை முதலில் சங்கத்தில் பேசி முடிவெடுங்கள். விடை அதைப் பொறுத்து மாறும்.

இதை அளக்க, 2009 இல் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆற்று இணைப்புச் சுட்டெண் உதவும். ஆற்றின் நீளமும், ஒவ்வொரு தடையையும் மீன் ஏறி இறங்கிக் கடக்கும் வாய்ப்பும் தெரிந்தால் போதும். உங்கள் இரண்டு அணைக்கட்டிலும் அந்த வாய்ப்பு பாதி என்று வைப்போம்.

விலாங்கு கடலில் முட்டையிடும். குஞ்சு முகத்துவாரத்தால் வந்து ஆறேறும். அதற்கு முதல் 5 கிலோமீற்றர் முழுதாகக் கிடைக்கும், அடுத்த 10 இல் பாதி, மேல் 15 இல் கால்வாசி. மொத்தம் 13.75, முப்பதில் அது 46 வீதம். கீழ் அணைக்கட்டில் படி கட்டி, மீன் தடையின்றிப் போகத் திறந்துவிட்டதாக வைத்தால் 75 வீதமாகும். மேலதைத் திறந்தால் 58 தான்.

ஆற்றுக்குள்ளேயே வாழும் கெண்டைக்குக் கணக்கு வேறு. ஆற்றில் ஏதாவது இரண்டு இடத்தைத் தொட்டால், ஒன்றிலிருந்து மற்றதற்கு அது போய்ச்சேர எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்கவேண்டும். இன்று 65 வீதம். கீழதைத் திறந்தால் 75, மேலதைத் திறந்தால் 86. இரண்டு நீளமான துண்டுகளை ஒட்டவைப்பது மேலதுதானே.

விலாங்கும் கொடுவாவும் குறைந்துபோனதுதான் உங்கள் கவலை என்றால் கீழதில் கட்டுங்கள். நானும் அதையே சொல்வேன். கடலோடு தொடர்பு அறுந்தால் அந்த மீனுக்கு மாற்று வழியே இல்லை. பட்டிப்பளை ஆற்றில் இங்கினியாகலை அணை போன்ற பெருஞ்சுவர் வந்தால் வாய்ப்பு பூச்சியம்தான். மேலே எத்தனை கிலோமீற்றர் இருந்தாலும் கடல்மீன் கணக்கில் சேராது.

அந்தப் 'பாதி' என்பதைத்தான் நீங்கள் நேரில் போய்த் திருத்தவேண்டும். நீர் விழும் உயரம், அடியில் நிற்கும் ஆழம், வேகம் மூன்றையும் மாரியிலும் ஆடிக் கோடையிலும் அளந்துபாருங்கள். விலாங்குக் குஞ்சு ஈரமான சொரசொரப்புச் சுவரில் ஊர்ந்தே ஏறிவிடும், கொடுவாக் குஞ்சுக்கு அது முடியாது. ஆகவே ஒரே சுவருக்கு இரண்டு எண் வரும். மரநிழலில் கிடக்கும் சின்னக் கட்டுகள் செய்மதிப் படத்தில் தெரியாது. வயல் நீர்ப்பாய்ச்சலைக் கவனிக்கும் வட்டவிதானையாரைக் கூட்டிக்கொண்டு கரையோரமாய் நடந்து பாருங்கள். நீளத்துக்கு நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படம் போதும்.

முகத்துவாரத்தையும் தடைகளின் பட்டியலில் எழுதுங்கள். மணல் மூடிக்கிடக்கும் மாதங்களில் அதுவே முதல் அணைக்கட்டு. எந்த மாதம் மூடும், எப்போது வெட்டுவார்கள் என்பது உங்கள் சங்கத்தாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.