ஃபங்ஷன் வேறு, அதன் விடை வேறு: கேள்வி-பதில்

மண்டபம் மாணவி: மீன் பட்டியலில் இரண்டு கிலோவுக்கு மேலான சீலாவை மட்டும் எடுக்க, பைத்தான் புரோகிராமில், சோதனையில் தேறியதை மட்டும் வடிகட்டித் தரும் ஃபில்டருக்குள் ‘சீலாவா அண்ட் பெரிதா’ என்று இரண்டு ஃபங்ஷன்களைக் கொடுத்தேன். பாறை, நகரை மீன்களெல்லாம் வருகின்றன. எர்ரரும் இல்லை.

எர்ரர் வராது, அதுதான் வினையே. அண்ட் இரண்டு ஃபங்ஷன்களை, அதாவது அழைத்தால் விடை தரும் குட்டி நிரல்களை, ஒட்டவைக்காது. இடப்பக்க மதிப்பு உண்மையானால் வலப்பக்க மதிப்பை அப்படியே எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். ஃபங்ஷன் ஆப்ஜெக்ட் என்பது எப்போதும் உண்மை. ஆகவே ஃபில்டருக்குக் கிடைத்தது ‘பெரிதா’ மட்டும். சீலாவா என்று யாரும் கேட்கவே இல்லை. ஆர் போட்டிருந்தால் ‘சீலாவா’ மட்டும் மிஞ்சியிருக்கும். ‘நாட் சீலாவா’ என்றால் வெறும் ஃபால்ஸ் (பொய்) போய்ச் சேரும், அப்போதாவது பைத்தான் கத்தும்.

‘லாம்டா மீ: சீலாவா(மீ) அண்ட் பெரிதா(மீ)’ என்று எழுதுங்கள். லாம்டா என்பது பெயரில்லாத ஃபங்ஷன், மீ என்பது ஒவ்வொரு மீன். அடைப்புக்குறி போட்டால்தான் ஃபங்ஷன் ஓடும். இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த வாரம் இதே கேள்வி வருகிறது. பயிற்சி வகுப்புகளில் அண்ட், ஆர் விடைகளைப் பட்டியலிடும் ட்ரூத் டேபிளை மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். ஃபங்ஷனும் ஒரு மதிப்புதான், அதை அழைத்தால் வருவது வேறு மதிப்பு என்று ஒரு வரி சொல்வதில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்?

ராமேஸ்வரம் வாசகர்: திங்கள், புதனில் மட்டும் டோக்கன் அச்சாக ‘கிழமை == "திங்கள்" ஆர் "புதன்"’ என்றேன். எல்லா நாளும் டோக்கன் அச்சாகிறது.

ஆருக்கு வலப்பக்கம் "புதன்" தனியாக நிற்கிறது. காலியில்லாத ஸ்டிரிங் (மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்து) எப்போதும் உண்மை. ‘கிழமை இன் ("திங்கள்", "புதன்")’ என்று எழுதுங்கள்.

தொண்டி வாசகர்: மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகை மட்டும் நிறுத்த, படகு போகலாம் என்பதற்கான நிபந்தனையாக ‘நாட் தடைக்காலமா(நாள்) அண்ட் விசைப்படகா(படகு)’ என்று எழுதினேன். நாட்டுப்படகும் நின்றுவிடுகிறது.

எந்த மாதத் தேதியைக் கொடுத்துப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. பரவாயில்லை, ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரையான அறுபத்தொரு நாள் மட்டுமல்ல, வருடம் முழுக்கவே நாட்டுப்படகு நிற்கும். நாட் பக்கத்தில் இருப்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறது. அண்ட் உட்பட மொத்தத்தையும் அடைப்புக்குறிக்குள் வைத்து வெளியே நாட் போடுங்கள். மறுபடியும் அடைப்புக்குறிதான்!

கீழக்கரை வாசகர்: புரோகிராம் ஸ்லோவாக இருக்கிறது.

கோட் அனுப்பாவிட்டால் நான் ஜோசியம்தான் பார்க்கவேண்டும். பொதுவாக ஒன்று: நெட்டில் வானிலை கேட்கும் சோதனையை அண்டுக்கு வலப்பக்கம் வையுங்கள். இடப்பக்கம் ஃபால்ஸ் என்றால் பைத்தான் அதைத் தொடாது.

பாம்பன் வாசகர்: ஆளே ஏறாத படகு லைஃப் ஜாக்கெட் சோதனையில் பாஸாகிறது. எல்லாம் உண்மையா என்று பார்க்கும் ஆல் ஃபங்ஷனில் கோளாறா?

இல்லை. காலிப் பட்டியலுக்கு ஆல் ட்ரூதான் (உண்மை) தரும், ஒன்றாவது உண்மையா என்று பார்க்கும் எனி ஃபால்ஸ் தரும். பட்டியல் காலியா என்று முதலில் பாருங்கள்.

தேவிபட்டினம் வாசகர்: ஜாவாவில் சோதனைகளை நேரடியாக இணைக்கலாமா?

2014இல் வந்த ஜாவா 8 முதல், ஆம்-இல்லை என்று சோதிக்கும் பிரெடிகேட்டுக்கே அண்ட், ஆர், நெகேட் (நாட் போல) உண்டு. ஆனால் ‘ஏ.ஆர்(பி).அண்ட்(சி)’ இடமிருந்து வலமாகத்தான் சேரும். முதலில் ஆர், அப்புறம்தான் அண்ட்.